பழங்குழம்பின் கணக்கு

குயவர் தெருவிலே ஒரு பானை திரிகையினின்றும் இறங்கும்போதே கோணிவிட்டால், அதற்காக எவரும் நெடுநேரம் வருந்துவதில்லை. குயவர் அதனைக் கையால் அமுக்கி மண்குவியலின்மேல் எறிந்துவிடுவார். காய்ந்து வெடித்த பச்சைக் கலங்களும் அவ்வாறே நீர்த்தொட்டியுட் சென்று, ஊறி, மிதிபட்டு, மறுநாள் வேறொரு சட்டியாகவோ குடமாகவோ எழும். சூளையிற் புகுந்து வெந்த மண்ணுக்குத்தான் மீட்சியில்லை. சூளை காணாத மண் எத்தனை முறை உடைந்தாலும் மீண்டும் மண்ணே. மட்கலத் தொழிலாளர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம்பிவந்த உண்மை இது.

இவ்வுண்மை முழுவதும் செல்லாத ஓரிடம் உண்டு. அதுவே அச்சில் வார்க்கும் களிக்குழம்பு. தேநீர்க் கெண்டி, சீனிக் கிண்ணம், பூச்சாடி, கைகழுவும் தொட்டி முதலிய பல கலங்கள் தொழிற்சாலைகளிலே திரிகையில் வனையப்படுவதில்லை. நீர்போல் ஓடும் களிக்குழம்பை அச்சில் ஊற்றி வார்க்கப்படுகின்றன. அச்சினின்றும் வடிக்கப்படும் மிகுதிக் குழம்பும், கலத்தின் விளிம்பிலிருந்து சீவி நீக்கப்படும் துண்டுகளும் வீசப்படுவதில்லை. மறுபடியும் தொட்டிக்கே திரும்புகின்றன. கண்ணுக்கு அது முன்பு சென்ற குழம்பே. ஆனால், உண்மையில் அது மாறிப்போன குழம்பு. அம்மாற்றம் யாதென விளங்கிக்கொள்ளத் தொழிலுலகத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அது விளங்காத காலத்திலே, தீய குழம்பால் விளைந்த நட்டத்தைப் பெரிதும் சுமந்தவன் அச்சின் முன் நின்ற தொழிலாளியே.

வார்ப்பு முறையின் அடிப்படை மிக எளியது. ஜிப்சம் என்னும் கல்லைச் சுட்டுப் பொடித்து, நீர் சேர்த்து இறுகவைத்தால் அது பாரிஸ் சாந்து ஆகும். இறுகிய சாந்து பார்வைக்குச் சுண்ணாம்புக் கட்டிபோலிருப்பினும், அதனுள்ளே எண்ணிறந்த நுண்துளைகள் உண்டு. அச்சாந்தினாற் செய்த அச்சினுட் களிக்குழம்பை நிரப்பினால், அச்சின் சுவர் நீரை உறிஞ்சும். சுவரையடுத்த களி இறுகி ஒரு தோல்போலப் படியும். நிமிடங்கள் செல்லச் செல்லத் தோல் தடிக்கும். வேண்டிய தடிப்பு வந்ததும் அச்சைக் கவிழ்த்து எஞ்சிய குழம்பை வடித்துவிடுவர். சிறிது நேரத்தில், படிந்த களி சற்றே சுருங்கி அச்சினின்றும் தானே கழன்றுகொள்ளும். அச்சின் பகுதிகளைப் பிரித்தால் உள்ளே குடைவான கலமொன்று கைக்கு வரும். ஊற்றிய குழம்பிற் கலமாவது சிறு பங்கே. பெரும் பங்கு திரும்பி வருவது. ஆகவே, பழங்குழம்பை மீண்டும் பயன்படுத்துவது இத்தொழிலிற் சிக்கனத்துக்காகச் செய்யும் ஒரு சிறு வேலையன்று. அதுவே தொழிலின் நடு நரம்பு.

இம்முறை பெருந்தொழிலாக வளர்ந்த இடங்களுள் தலையாயது இங்கிலாந்தின் ஸ்ரபோட்சயர் மாவட்டம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அம்மாவட்டத்துக் குயவர்கள், தெவன், தோர்செற் பகுதிகளிலிருந்து வந்த வெண்ணிறக் களியோடு, சுட்டுப் பொடித்த சக்கிமுக்கிக் கல்லைக் கலந்து, உப்பினால் மெருகேறும் வெண்கலங்களைச் செய்துவந்தனர். மெல்லிய சுவரும் நுட்பமான பூவேலையும் உடைய கலங்களை மக்கள் விரும்பியபோது, திரிகை மட்டும் போதவில்லை. சுட்ட களியினாலான துளையுள்ள அச்சுகளிற் குழம்பை ஊற்றி வார்க்கத் தொடங்கினர். கொப்றிட்ஜ் என்னும் ஊரைச் சேர்ந்த ரால்ப் டானியல் என்பவர் 1745ஆம் ஆண்டளவிற் பிரான்சிலிருந்து பாரிஸ் சாந்து அச்சைக் கொணர்ந்தார் என்பது அம்மாவட்டத்தில் வழங்கும் மரபு. அதன்பின் ஆரன் வூட் போன்ற அச்சுச் செதுக்குநர் பெயர் பெற்றனர். வீட்டின் வடிவிலும் ஒட்டகத்தின் வடிவிலும் சிப்பியின் வடிவிலும் தேநீர்க் கெண்டிகள் வெளிவந்தன. அவற்றுட் சில இன்றும் அரும்பொருட் சாலைகளிலே காணப்படுகின்றன.

அக்கெண்டிகளின் அழகைக் காண்பவர், அவற்றை வார்த்தவர் பட்ட பாட்டை எளிதில் உணரார். அன்று குழம்பு என்பது களியும் நீருமே. களி நீரிலே எளிதாக ஓடவேண்டுமாயின் நீரை மிகுதியாகச் சேர்க்கவேண்டும். எவ்வளவு மிகுதி என்பதை ஸ்ரபோட்சயர்க் குயவர்களின் அளவையாலேயே அறியலாம். அவர்கள் குழம்பை ஒரு பைந்துப் பாத்திரத்தில் நிறைத்து நிறுப்பர். ஒரு பைந்து நீரின் நிறை 20 அவுன்சு. ஒரு பைந்துக் குழம்பின் நிறை 26 அவுன்சாயின், நீரினும் மிகையான 6 அவுன்சு களியால் வந்தது. ஆயினும், உள்ளேயுள்ள உலர்களி 6 அவுன்சு மட்டுமன்று. களி தன் பருமனளவு நீரை வெளியேற்றிவிட்டல்லவா அவ்விடத்தில் இருக்கின்றது! வெளியேறிய நீரின் நிறையையும் சேர்த்துக் கணிக்கவேண்டும். இக்கணக்குக்கு உரிய விதி, பிரான்சு நாட்டின் செவ்ர் பீங்கான் தொழிலகத்தை 1800ஆம் ஆண்டு முதல் 1847ஆம் ஆண்டில் இறக்கும்வரை நடத்திய அலெக்சாந்தர் புரொஞ்ஞார் என்னும் அறிஞரின் பெயரால் வழங்குகின்றது. அவ்விதிப்படி, 26 அவுன்சு நிறையுள்ள பைந்துக் குழம்பில் உலர்களி ஏறக்குறைய 10 அவுன்சு. எஞ்சிய 16 அவுன்சும் நீர்.

இத்துணை நீரையும் அச்சே குடிக்கவேண்டும். அச்சு விரைவில் நனைந்து சோர்ந்துவிடும். வேண்டிய தடிப்பு வருமுன் மீண்டும் மீண்டும் குழம்பை ஊற்றி வடிக்கவேண்டும். வார்த்த கலமோ காயும்போது மிகுதியாகச் சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். இக்காரணங்களால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் குடைவான கலங்களிற் பெரும்பாலானவை, களித் தகட்டை அச்சில் அழுத்திச் செய்யும் முறையாலேயே உருவாயின. செவ்ர் போன்ற தொழிலகங்களில் மெல்லிய பீங்கான் கலங்களை வார்ப்பதுண்டு. எனினும், வார்ப்பு பெருந்தொழிலின் பொதுவழியாகவில்லை. அக்காலத்துப் பழங்குழம்புக்கோ பெரிய மருமமொன்றும் இல்லை. அடியிற் படிந்த களியைக் கலக்கி, நீரின் அளவைச் சரிசெய்து, வடிகட்டினாற் போதும். குயவர் தெருத் தொட்டிக்கும் அத்தொட்டிக்கும் வேறுபாடு மிகக் குறைவே.

நிலைமையை மாற்றியது ஒரு சிட்டிகைக் காரம். களியும் குறைந்த நீரும் சேர்ந்து கூழாக நிற்கும் கலவையிலே சிறிதளவு சோடாக்காரத்தையோ சோடியஞ் சிலிக்கேற்றையோ சேர்த்தால், நீர் ஒரு துளியும் கூட்டாமலே அக்கூழ் இளகிப் பாலேடுபோல் ஓடத் தொடங்கும். இவ்வியப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியிலே தொழில்முறையாக வளர்ந்து, பிற நாடுகளுக்கும் பரவியது. இதனாற் பைந்துக்கு 36 அவுன்சு நிறையுள்ள குழம்பையும் அச்சில் ஊற்ற முடிந்தது. புரொஞ்ஞாரின் விதிப்படி அதிலே உலர்களி 26 அவுன்சு. நீர் 10 அவுன்சே. ஒரு பங்கு களிக்குச் சேரும் நீர், பழைய அளவின் நாலில் ஒரு பங்கிலும் குறைந்துவிட்டது. அச்சு எளிதில் நனையவில்லை. கலம் மிகுதியாகச் சுருங்கவில்லை. ஒருமுறை ஊற்றியே வேண்டிய தடிப்பைப் பெறலாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, அழுத்திச் செய்வோர் இருந்த இடத்தில் வார்ப்போர் வந்து நின்றனர்.

ஏறக்குறைய இதே காலத்தில், அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் வேறொரு வழியிலும் இவ்வியல்பு வெளிப்பட்டது. எட்வேட் அச்சிசன் என்பவர் கார்பொரண்டம் என்னும் கடினமான தேய்பொருளைக் கண்டறிந்த அமெரிக்கர். உலோகத்தை உருக்கும் மூசைகளுக்கு ஏற்ற களியைத் தேடிய அவர், பிறந்த பாறையடியிலேயே கிடக்கும் களியைக் காட்டிலும் ஆற்றால் அடித்துவரப்பட்ட களி நன்கு இழைவதைக் கண்டார். வழியிலே இலை, தழை, வேர் முதலியவற்றின் சாறு அதிற் கலந்திருக்கவேண்டும் என்று கருதினார். மரப்பட்டைகளிலுள்ள துவர்ப்புப் பொருளைக் களியோடு சேர்த்துப் பார்த்தார். குறைந்த நீரிலேயே களி இளகியது. அப்போது அவர் நினைவுக்கு வந்தது விவிலியத்தின் யாத்திராகமம். எகிப்தில் அடிமைப்பட்ட இசுரவேலர்கள் செங்கல் அறுப்பதற்கு வைக்கோலின்றித் தவித்த வரலாறு அதிலே கூறப்படுகின்றது. வைக்கோலை ஊறவைத்த நீரை அச்சிசன் களியோடு சேர்த்தார். களி இளகியதுடன், காய்ந்தபின் முன்னிலும் வலிமை பெற்றது. அதற்கு அவர் ‘எகிப்தியக் களி’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். வைக்கோல் வெறும் நாராக மட்டும் உதவவில்லை, அதன் சாறும் உதவியது என்பது அவர் கண்ட முடிவு.

சோடாவும் வைக்கோற் சாறும் செய்யும் வேலை யாது? களியின் துகள்கள் கண்ணுக்குப் புலனாகாத சிறு தகடுகள். தகட்டின் முகத்திலே எதிர்மின்னேற்றம் உண்டு; விளிம்பிலே நேர்மின்னேற்றம் இருப்பதுண்டு. ஆகவே ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் முகத்தைப் பற்றிக்கொள்ளும். சீட்டுக்கட்டால் அடுக்கிய வீடுபோல இடைவெளிகள் நிறைந்த கூடொன்று எழும்; அவ்விடைவெளிகளில் நீர் சிறைப்பட்டு நிற்கும். கல்சியம் போன்ற அயன்கள் இக்கூட்டை உறுதிப்படுத்துவன. சோடியக் காரம் சேர்ந்ததும் துகள்கள் எல்லாம் ஒரேவகை மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கும். கூடு சரியும், சிறைப்பட்ட நீர் விடுபடும், குழம்பு ஓடும். ஆனால், காரம் அளவை மீறினால் மறுபடியும் துகள்கள் நெருங்கத் தொடங்கிக் குழம்பு தடிக்கும். நன்மைக்கும் தீமைக்கும் இடையிலுள்ள பாதை மிகக் குறுகியது. 100 இறாத்தல் உலர்களிக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 அவுன்சுக் காரமே போதுமென்றால், அப்பாதையின் குறுக்கத்தை ஒருவாறு உணரலாம்.

இப்பாதையை ஆராய்ந்து தெளிவாக்கியவருள் ஒருவர் ஜோசப் வில்லியம் மெல்லர். 1869ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்து, நியூசிலாந்தில் வளர்ந்தவர். வறுமையினால் இளமையிலேயே பள்ளியை விட்டுச் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைசெய்து, இரவிலே விளக்கொளியிற் படித்து அறிஞரானவர். ஸ்ரபோட்சயருக்கு வந்து ஸ்டோக் நகரில் மட்பாண்டக் கல்வியையும் ஆய்வையும் வளர்த்தார். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே அவரும் உடனாய்வாளரும் பல்வேறு உப்புகளையும் காரங்களையும் களிக்குழம்பிற் சேர்த்து, எது இளக்கும், எது தடிக்கச் செய்யும், எவ்வளவில் அவ்வாறு செய்யும் என அளந்து பதிவு செய்தனர். கைப்பழக்கத்தாலும் ஊகத்தாலும் நடந்த தொழிலுக்கு அளவுகோல் வந்து சேர்ந்தது.

அளவுகோலின் தேவை புதுக்குழம்பைக் காட்டிலும் பழங்குழம்புக்கே மிகுதி. ஏனெனில், காரம் சேர்ந்த அன்றே களி தன் பழைய எளிமையை இழந்துவிட்டது. அச்சினின்றும் வடித்த குழம்பு, சென்ற நிலையிலே திரும்புவதில்லை. அச்சு உறிஞ்சியதாலும் காற்றில் உலர்ந்ததாலும் அது நீரை இழந்திருக்கும். நீரோடு காரத்திற் சிறிது பங்கும் அச்சினுட் சென்றிருக்கும். எஞ்சிய காரம் களியிலேயே இருக்கும். ஆகவே, சீவிய துண்டுகளைப் புதுக்களியாக எண்ணி முழு அளவுக் காரம் சேர்த்தாலும் பிழை. காரம் எல்லாம் உள்ளேயே உண்டென எண்ணி ஒன்றும் சேர்க்காது விட்டாலும் பிழை.

இவற்றினும் மறைவான பகை ஒன்று உண்டு. அது அச்சிலிருந்தே வருவது. பாரிஸ் சாந்து என்பது கல்சியஞ் சல்பேற்று. நீரில் அது மிகச் சிறிதே கரையும். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 2 கிராம். அச்சிறு அளவே போதும். கரைந்த கல்சியம், சரிந்த கூட்டை மறுபடியும் எழுப்பும். காலையில் ஓடிய குழம்பு மாலையில் ஈரல்போற் கட்டிப்பட்டு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அச்சும் நலமாயிருப்பதில்லை. சோடாக்காரம் சாந்தோடு சேர்ந்து சோடியஞ் சல்பேற்று ஆகி, அச்சின் வெளிப்புறத்திலே வெண்பூவாகப் பூக்கும். சாந்து அரிபட்டு, அச்சின் நுண்ணிய வேலைப்பாடு மழுங்கும். நீரை உறிஞ்சிக் கலத்தை உருவாக்கும் அதே அச்சு, ஒவ்வொரு வார்ப்பிலும் குழம்பைச் சிறிது கெடுத்துத் தானும் சிறிது கெடுகின்றது. பழங்குழம்பு எத்தனை முறை அச்சைக் கண்டதோ அத்தனை முறையின் சுவடும் அதனுள் இருக்கும்.

குழம்பு தடித்ததைக் கண்ட தொழிலாளி இயல்பாகச் செய்வது நீர் ஊற்றுவது. அந்த நேரத்துக்குக் குழம்பு ஓடும். ஆனால், நிறை குறையும், அச்சு நனையும், கலம் சுருங்கிக் கைப்பிடி பொருந்துமிடத்தில் வெடிக்கும். நீருக்குப் பதிலாகக் காரத்தை அள்ளிப் போட்டாலோ வேறு கேடு. படியும் களி கல்போல் இறுகி, அச்சோடு ஒட்டி, சீவும்போது நொறுங்கும். காரம் போதாவிடில் கலம் தளர்ந்து தொய்யும். உட்சுவரிலே அலைபோன்ற வரிகள் தோன்றும். காற்றுக்குமிழி தங்கினால் ஊசித்துளைகள் எழும். இவற்றுட் சில கேடுகள் அப்போதே கண்ணுக்குப் புலப்படும். பல, காய்ந்து, சூளையிற் புகுந்து, வெந்து வெளிவந்த பின்னரே புலப்படும்.

கேடு சூளைக்குப் பின்னர் புலப்படுவது ஏன் பெரிதாயிற்று என்பதை ஸ்ரபோட்சயரின் கூலி வழக்கம் விளக்கும். அங்கே நெடுங்காலமாக, ‘சூளையிலிருந்து நல்லதாய் வந்தவற்றுக்கே கூலி’ என்னும் வழக்கம் நிலவியது. தொழிலாளி நூறு கலங்களைச் செய்துகொடுத்தாலும், சூளை திறந்தபோது குறையற்றவையென எண்ணப்பட்டவற்றுக்கே கூலி. களியைக் கலந்தவன் ஒருவன், சூளையில் அடுக்கியவன் ஒருவன், எரித்தவன் ஒருவன். பிழை எவருடையதாயினும், கலத்தை உருவாக்கியவனே கூலியை இழந்தான். போதாக்குறைக்கு, குறையுடையதெனத் தள்ளப்பட்ட கலம் மலிந்த விலைக்கு விற்கப்படுவதும் உண்டு. அதில் அவனுக்குப் பங்கில்லை. 1836ஆம் ஆண்டிலே தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தில் மட்பாண்டத் தொழிலாளர் எடுத்துரைத்த குறைகளுள் இதுவும் ஒன்று. ஆயினும், அப்போராட்டத்தோடு அவ்வழக்கம் ஒழிந்துவிடவில்லை; 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோதும் உயிரோடிருந்தது.

வார்ப்பு முறை பெருகிய காலத்தை இதனோடு பொருத்திப் பார்க்கவேண்டும். திரிகையில் வனைபவனுக்குத் தன் மண் கைக்குத் தெரியும். அழுத்திச் செய்பவனும் களியின் பதத்தை விரலால் உணர்வான். அச்சில் ஊற்றுபவனுக்கோ குழம்பு வேறிடத்திலிருந்து குழாய் வழியாகவோ வாளியிலோ வருவது. அதிலே எத்துணைப் பழந்துண்டு சேர்ந்தது, எத்துணைக் காரம் இட்டனர் என்பது அவன் அறியாத செய்தி. அறியாத ஒன்றுக்கு அவன் விரலும் கண்ணும் பொறுப்பேற்க நேர்ந்தது. ஆகவே, குழம்பை நிறுத்தும் அளந்தும் பதிவு செய்யும் பழக்கம் விஞ்ஞானத்தின் வெற்றி மட்டுமன்று. பிழை எங்கே பிறந்தது என்று காட்டும் சாட்சியும் அதுவே. குழம்பின் கணக்கு எழுதப்பட்ட இடத்தில், ‘உன் கை பழுது’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

அக்கணக்கின் உறுப்புகள் சில. முதலாவது நிறை. ஒவ்வொரு நாளும் பைந்துப் பாத்திரத்திற் குழம்பை நிறுத்து, நீர் எவ்வளவு குறைந்தது அல்லது மிகுந்தது எனக் காண்பர். இரண்டாவது ஓட்டம். இதற்கு முறுக்குமானி என்னும் எளிய கருவி உண்டு. மெல்லிய கம்பியிலே தொங்கும் உருளையொன்றைக் குழம்பில் அமிழ்த்தி, முழுவட்டம் முறுக்கி விடுவர். குழம்பு இளகியதாயின் உருளை தொடங்கிய நிலையையும் தாண்டி நெடுந்தூரம் சுழலும். தடித்ததாயின் விரைவில் நிற்கும். பின்னர் ஐந்து நிமிடம் அசையாது விட்டு மீண்டும் சுழற்றுவர். இரு அளவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, குழம்பு நின்றநிலையில் எத்துணை கட்டிப்படும் என்பதைக் காட்டும். இம்முறையில் முக்கியமான ஒழுங்கு ஒன்றுண்டு. முதலில் நிறையைச் சரிசெய்த பின்னரே ஓட்டத்தைச் சரிசெய்யவேண்டும். நீர் குறைந்ததால் வந்த தடிப்பைக் காரத்தாலும், காரம் குறைந்ததால் வந்த தடிப்பை நீராலும் தீர்க்க முயல்வதே குழம்பு கெடுவதற்கு வழி.

மூன்றாவது, பழையதற்கும் புதியதற்கும் உள்ள விகிதம். சீவிய துண்டுகள் ஒருநாள் குறைவாகவும் ஒருநாள் மிகுதியாகவும் சேர்வது இயல்பு. கிடைத்ததையெல்லாம் அன்றன்றே கொட்டினால் குழம்பின் குணம் நாள்தோறும் மாறும். ஆகவே, துண்டுகளைத் தனியே நீரிற் கரைத்து, தனித் தொட்டியில் வைத்து, புதுக்குழம்போடு மாறாத பங்கிற் சேர்ப்பது நல்ல வழக்கமாயிற்று. பங்கு எத்துணை என்பது களிக்குக் களி வேறுபடும்; மாறாதிருப்பதே முதன்மை. கரைந்திருக்கும் சல்பேற்றை அகற்றப் பேரியங் காபனேற்றை மிகச் சிறிதளவு சேர்ப்பர். அது சல்பேற்றைப் பற்றிக் கரையாத பேரியஞ் சல்பேற்றாக மாற்றி அடக்கிவிடும். பேரியங் காபனேற்று நச்சுப்பொருள். ஆகவே கையாள்வதிலும் அளவிலும் மிகுந்த கவனம் வேண்டும். நுண்ணிய சல்லடை, அச்சிலிருந்து பெயர்ந்த சாந்துத் துணுக்குகளைப் பிடிக்கும். ஒரு துணுக்குத் தப்பினாலும் சுட்ட கலத்திலே அவ்விடம் வெடித்துப் பெயரும். காந்தம் இரும்புத் தூளைப் பிடிக்கும். இல்லையேல் வெண்கலத்தின்மேல் கரும்புள்ளி தோன்றும். தொட்டியிலுள்ள துடுப்பு மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். விரைந்து சுழன்றாற் காற்று புகும். நின்றாற் களி அடியிற் படியும்.

நான்காவது, இப்பழந்துண்டுகளை வேறு களியோடு சேரவிடாமை. திரிகைக்கும் தட்டுகளுக்கும் உரிய களியைத் தொழிற்சாலைகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து துணிவடிகட்டி பொருந்திய அமுக்கியிலே பிழிந்து எடுத்தன. பிழிந்த நீரோடு கரைந்த உப்புகளிற் பெரும்பகுதியும் வெளியேறிவிடும். காரமிட்ட குழம்போ அவ்வமுக்கிக்கு எளிதில் வசப்படாது. துகள்கள் நெருங்கி அடுக்கப்பட்டு, நீர் போக வழியில்லாத தகடாகத் துணியை அடைத்துவிடும். அத்துண்டுகள் திரிகைக் களியிற் கலந்தால் அக்களியும் இழையுந்தன்மை கெட்டுத் தொய்ந்துபோகும். குயவர் தெருவிலே எல்லாப் பச்சை மண்ணும் ஒரே குவியலிற் சேரும். தொழிற்சாலையில் அவ்வாறு சேர்ப்பது இரண்டையும் கெடுப்பதாகும்.

துண்டுகளைக் கரைப்பதிலும் உயிரைத் தொடும் ஒரு செய்தி உண்டு. பாதி உலர்ந்த களி நீரிலே எளிதிற் கரையாது. வெளிப்புறம் வழுக்கி, உள்ளே கட்டியாக நிற்கும். முற்றாக உலர்ந்த களியோ நீர் பட்டதும் தானே உதிர்ந்துவிடும். ஆகவே, நன்றாக உலரவிட்டுப் பின்னர் நீரில் இடுவது கரைப்புக்கு நலம். ஆனால், உலர்ந்த துண்டு நிலத்தில் விழுந்து மிதிபட்டால் தூசி எழும். அத்தூசியிலே சிலிக்கா உண்டு; அதனை ஆண்டாண்டாகச் சுவாசிப்பவரின் நுரையீரல் இறுகிச் சாவு நேரும். இத்தொழிலுக்கு இது பழைய பகை. சக்கிமுக்கிக் கல்லை உலர்நிலையிற் பொடிப்பது தொழிலாளரைக் கொல்லுகின்றது என்பதாலேயே, 1726ஆம் ஆண்டில் தோமஸ் பென்சன் என்பவர் அதனை நீருக்குள் அரைக்கும் முறைக்கு உரிமைப்பட்டயம் பெற்றார். அவர் கண்ட வழி, சீவிய துண்டுகளுக்கும் பொருந்தும். ஈரமாயிருக்கும்போதே தொட்டியிலிட்டு, விரைந்து கலக்கும் பொறியினாற் கரைப்பதே தொழிற்சாலைக்கு ஏற்றது. உலர்த்துவதால் வரும் எளிமை, நுரையீரலை விலையாகக் கேட்பது.

இவ்விதிகள் ஸ்ரபோட்சயருக்கு மட்டும் உரியனவல்ல. கோர்ன்வாலில் அகழ்ந்த வெண்களியாயினும், இலங்கையின் பொரலஸ்கமுவையில் அகழ்ந்த வெண்களியாயினும் அச்சில் வார்க்கும்போது இவற்றுக்கே உட்படும். வேண்டிய காரத்தின் அளவு மட்டும் களிக்கும் அவ்வூர் நீருக்கும் ஏற்ப மாறும். ஓர் ஊரின் அளவை மற்றோர் ஊர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கமுடியாது. தன் களியைத் தானே அளந்து அறியவேண்டும்.

இன்று ஒரு தேநீர்க் கிண்ணத்தைக் கையில் எடுப்பவர் அதன் வெண்மையையும் மென்மையையும் காண்பார். அதன் சுவரிலே இன்று கரைத்த களியும் உண்டு. நேற்று உடைந்த கெண்டியின் களியும் உண்டு. அதற்கு முன் பலமுறை அச்சினுட் புகுந்து மீண்ட களியும் உண்டு. அவை ஒன்றோடொன்று வேற்றுமையின்றிப் பொருந்தி நிற்பது தற்செயலாக நிகழ்ந்ததன்று. காலையில் ஒருவர் பைந்துப் பாத்திரத்தை நிறைத்து, தட்டில் வைத்து நிறுத்து, எண்ணைக் கணக்கேட்டில் எழுதினார். அதன் பின்னரே வார்ப்பவர் தம் முதல் அச்சை நிரப்பினார்.